ஒட்டில்லாத ஆறு மீட்டர்

மூன்று நாள்தான் தரலாம் என்றார் நஸ்லியா.
வெள்ளிக்கிழமை தளம் திறக்கவேண்டும்.
பெருநாள் உடுப்புத் தைக்கிறவர்கள்
இப்போதே லேஸ் தேடத் தொடங்கிவிட்டார்களாம்.

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு.
கீழே கடை: ஸிப், பொத்தான், ஊக்கு, கொலருக்குக் கன்வஸ்.
மேலே ஜன்னலில்லாத அறை,
ஒரு மேசைவிசிறி, என் மடிக்கணினி.
வெளியே நாட்டாமைகள் வழிவிடச் சொல்லிக் கத்துகிறார்கள்.

பாடத்தில் முப்பது சோதனைமுறை படித்தேன்.
முப்பதுக்கும் இங்கே நேரமில்லை.
எல்லாவற்றையும் பார்க்க ஏலாது என்று
முதல்நாளே சொல்லிவிட்டேன்.
"அப்ப எதைப் பார்ப்பீங்க?"
காசு கைமாறும் இடத்தை, என்றேன்.

ஐயாயிரம் ரூபாவிலிருந்து டெலிவரி இலவசம்.
நாலாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
ஐயாயிரம்.
ஐயாயிரத்தொன்று.
வேலிக்கு இந்தப் பக்கம், வேலி, அந்தப் பக்கம்.
சரியாக வேலிமேல் நின்றவரிடம்
முந்நூற்றைம்பது கேட்டது தளம்.
"அது பாவம்" என்றார் நஸ்லியா.
திலங்க ஒரேயொரு சமன்குறி போட்டு
அந்தப் பாவத்தைக் கழுவினான்.

பொத்தானில் நானூறு நிறம்.
நானூறையும் அமத்திப் பார்க்கவில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி,
அடுப்பில் எத்தனை பானை என்று எண்ணுவதுதான் என் வேலை.
படமுள்ளது, படமில்லாதது,
தீர்ந்துபோனது,
கிலோக் கணக்கில் விற்பது.
நாலு சோறு எடுத்தேன். மூன்று வெந்திருந்தது.

காசா, கார்ட்டா.
கொழும்பா, வெளியூரா.
கழிவு உண்டா, இல்லையா.
பழைய பில்லொன்றின் பின்பக்கத்தில்
எட்டுக் கட்டம் கீறினேன்.
ஏழுக்குப் பதில் சொன்னார்கள்.
எட்டாவதுக்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு கொஞ்சம் குறும்பு.
லேஸ், மைனஸ் இரண்டு மீட்டர்.
கடை எனக்கு முந்நூற்றறுபது ரூபா கடன்பட்டது.

ஒரே நேரத்தில் ஆயிரம்பேர் வந்தால், என்று கேட்டான் திலங்க.
"வரட்டுமே, இன்ஷா அல்லாஹ்"
நஸ்லியாவின் சிரிப்போடு
அந்தச் சோதனை பட்டியலிலிருந்து இறங்கிப்போனது.

மூன்றாம் நாள் பின்னேரம் கரண்ட் போனது.
விசிறி நின்றதும் கீழே இறங்கினேன்.
சுகிர்தன் லேஸ் அளந்துகொண்டிருந்தான்,
மேசை விளிம்பில் இரண்டு பித்தளை ஆணி,
இடையில் ஒரு மீட்டர்.
ஒரு பெண் ஆறு மீட்டர் கேட்டாள்.
நாலரை ஒரு துண்டு, மூன்று இன்னொரு துண்டு,
எடுத்து விரித்தான்.
"ஒட்டுப்போட்டாத் தெரியும், தம்பி."
போய்விட்டாள்.

ஃபோனைத் திறந்தேன்.
அதே லேஸ். இருப்பு: ஏழரை மீட்டர்.
ஆறு கேட்டேன்.
தாராளமாக, என்றது தளம்.
காசையும் எடுத்தது.

முப்பதில் எந்த முறையின் கீழ் இதை எழுத?
கரண்ட் போனதால் கண்டுபிடித்தது என்று
அறிக்கையில் போட ஏலாது.
திலங்கவுக்கு மட்டும் சொன்னேன்:
நீளத்தைக் கூட்டாதே, துண்டுகளை எண்ணு.
விடியுமட்டும் இருந்தான், பாவம்.

கடைசியில், சோதிக்காதவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
ஆயிரம்பேர். பழைய ஃபோன்கள். பாதியில் அறுந்த வங்கிப் பதில்.
நஸ்லியா ஆறுதலாக வாசித்தார்,
என் பேனையை வாங்கினார்,
அடியில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:
கொப்பியில் கடன் எழுதுகிற தையற்காரர்.

வெள்ளி, ஜும்ஆ நேரம்.
கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்க
முதல் ஓடர் வந்தது, கொட்டாஞ்சேனையிலிருந்து.
நாலாயிரத்துத் தொளாயிரத்து எண்பது ரூபா,
டெலிவரிக்கு முந்நூற்றைம்பது.
கணக்குச் சரி. எல்லாம் சரி.

இருபது ரூபாவுக்கு ஊக்கு வாங்குங்க அக்கா, டெலிவரி சும்மா வரும்
என்று சுகிர்தன் சொல்லியிருப்பான்.